லா தூர் மாளிகை: பிரெத்தாஞில் நான்கு நாள்

முதல் நாள், சேன் செர்வான்

பாரிஸ் மொம்பர்னாஸில் காலை ரயில் ஏறி, மதியத்துக்கு முன்பே, வடமேற்குப் பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியில் உள்ள சேன் மாலோவில் இறங்கிவிட்டோம். நானும் மகளும்தான். கடலும் கோட்டை மதிலும் பார்க்கத்தான் எல்லோரும் இந்த ஊருக்கு வருகிறார்கள், நாங்கள் வந்தது வேறு ஒரு காரணத்துக்கு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த நான்கு நாள் எழுத்தும் விளங்காது.

என் பெரியம்மா ஆசிரியை, கல்யாணம் செய்யவில்லை. 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர், அங்கே இங்கே சொந்தக்காரர் வீடுகளில் இருந்து, கடைசி 6 வருடங்களைக் கொழும்பில் ஒரு முதியோர் இல்லத்தில் கழித்தார். நடத்துவது ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. நான் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அங்கே போய் அவர் கட்டிலில் உட்கார்ந்து கதைத்துவிட்டு வருவேன். தலைமாட்டுச் சுவரில் ஒரு பெண்ணின் படம் இருக்கும். கறுப்பு உடுப்பு, முகத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, வயதான முகம், கொஞ்சம் சிரிக்கிற மாதிரி. யார் என்று கேட்டதற்குப் பெரியம்மா, "இந்த வீட்டைத் தொடங்கின அம்மா, பிரான்ஸ்காரி, நீ இருக்கிற நாடுதானே, உனக்குத் தெரியாதா?" என்றார். தெரியாது. 20 வருடமாகப் பிரான்சில் இருந்தும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ழான் ழுகான். 1792 இல் பிறந்து 1879 இல் இறந்தவர். அவர் கடைசிவரை இருந்த மாளிகையைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். ஆனால் கதை தொடங்கியது இந்த சேன் செர்வானில், அதனால் இங்கிருந்தே நாங்களும் தொடங்கினோம். அந்தக் காலத்தில் தனி ஊர், 1967 இல்தான் சேன் மாலோவோடு சேர்த்தார்கள்.

சோலிடோர் கோபுரத்தடியில் ரான்ஸ் ஆறு கடலோடு சேருகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். அப்புறம் மேட்டில் ஏறிப் பழைய தெருக்களுக்குள் நடந்தோம். ஒடுக்கமான கல்வீடுகள், மேல்மாடிக்கு ஏறும் படிகளும் ஒடுக்கம். இப்படியொரு வீட்டில்தான் ழான், பிரான்சுவாஸ் ஓபேர் என்ற வயதான தோழியோடு வாடகைக்கு இருந்தார். கூட விர்ஜினி என்ற இளம் பெண்ணும். ழானுக்கு அப்போது 47 வயது. வீடு வீடாகப் போய்த் துணி துவைத்து, தரை துடைத்துச் சம்பாதிப்பவர். 1839 குளிர்காலத்தில் ஒரு நாள், ஆன் ஷோவேன் என்ற கிழவியை வீட்டுக்குக் கூட்டிவந்தார். பார்வை இல்லை, உடம்பில் ஒரு பக்கம் விழுந்துபோயிருந்தது, பார்க்க ஆள் இல்லை. படியில் முதுகில் சுமந்து ஏற்றினார் என்று சொல்வார்கள். தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தான் பரணில் போய்ப் படுத்தார்.

அவ்வளவுதான் தொடக்கம். திட்டம் இல்லை, பணம் இல்லை, சபை இல்லை. ஒரு கட்டில்தான் இருந்தது.

அடுத்து இன்னொரு கிழவி வந்தார், ஒரு காலத்தில் வேலைக்காரியாக இருந்தவர். முதலாளிகள் நொடித்துப் போன பிறகும் விட்டுப் போகாமல், அவர்களுக்காகப் பிச்சை எடுத்தவர். 1841 இல் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள், மாடி போதவில்லை, ஒரு பழைய சாராயக் கடையின் கீழ்த்தளத்துக்கு மாறினார்கள். அதுவும் போதாமல் அடுத்த வருடம் ஒரு பழைய கன்னியர் மடம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த ஒரு செய்தி உண்டு. வந்து சேர்ந்த கிழவிகளில் பலர் முன்பு தெருவில் கைநீட்டி வாழ்ந்தவர்கள். இனி நீங்கள் போக வேண்டாம், எந்தெந்த வீட்டில் உங்களுக்குத் தருவார்கள் என்று சொல்லுங்கள், நான் போகிறேன் என்று ழான் கூடையை எடுத்துக்கொண்டு அந்த வீடுகளுக்கே போனார். அவர்களுடைய வெட்கத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். ஒரு வீட்டில் ஒருவர் அறைந்துவிட்டாராம். "இது எனக்கு, சரி, இனி என் ஏழைகளுக்கு ஏதாவது தாருங்கள்" என்றாராம். இந்தக் கதையைப் பெரியம்மாவே எனக்குச் சொல்லியிருக்கிறார், அவருக்கு இல்லத்துச் சிஸ்டர்மார் சொன்னது.

இரண்டாம் நாள், கன்கால்

கார் வாடகைக்கு எடுத்து, மகள் ஓட்ட, கடற்கரை வழியே கன்கால் போனோம். சிப்பிக்குப் பேர்போன ஊர். துறைமுகத்தில் தட்டில் வாங்கி, மதில்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஓட்டைக் கீழே கடற்கரையில் எறிகிறார்கள். மகள் ஒரு டசின் சாப்பிட்டாள்.

ழான் பிறந்த வீடு ஊருக்குச் சற்று வெளியே, லே பெத்தித் குருவா என்ற சிற்றூரில். சின்னச் சிலுவைகள் என்று பொருள். சின்ன வீடு, கல்லால் கட்டியது, உள்ளே மண் தரை, ஒரு பெரிய அடுப்படி. எங்கள் ஊரில் பழைய மண்வீடுகளின் குசினி நினைவுக்கு வந்தது, அதே புகை படிந்த கறுப்பு. இந்தத் தரையில்தான் அந்த அம்மா அத்தனை பிள்ளைகளையும் வளர்த்தார். அப்பா மீனவர், ழானுக்கு 4 வயது ஆகுமுன் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. புரட்சிக் காலம். கோயில்கள் பூட்டிக் கிடக்க, பிள்ளைகளுக்கு ஞானோபதேசத்தைப் பெண்கள் ஒளித்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

பதினைந்து பதினாறு வயதில் ழான், அருகில் சேன் கூலோம் என்ற ஊரில் ஒரு பிரபு குடும்பத்து மாளிகைக்குக் குசினி வேலைக்குப் போனார். அந்த வீட்டு அம்மா நல்லவர், ஏழைகளைப் பார்க்கப் போகும்போது இவரையும் கூட்டிப்போவாராம். மாளிகை வாழ்க்கையைப் பின்கதவு வழியாகப் பார்த்தவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குத் தேவைப்படும். ஒரு கப்பல்காரர் பெண் கேட்டு வந்தார், இவர் மாட்டேன் என்றார். கடவுள் தன்னை இன்னும் தொடங்காத ஒரு வேலைக்கு வைத்திருக்கிறார் என்று தாயிடம் சொன்னாராம். இருந்ததில் நல்ல உடுப்புகளைச் சகோதரிகளுக்குக் கொடுத்துவிட்டு, 25 வயதில் சேன் செர்வான் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கப் போய்விட்டார்.

மாலையில் மழை, அறைக்குத் திரும்பிவிட்டோம்.

மூன்றாம் நாள், லா தூர்

இதற்காகத்தான் வந்தோம். சேன் மாலோவிலிருந்து தெற்கே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். வழியில் பெஷெரெல் என்ற சின்ன ஊர், 1989 முதல் புத்தக ஊர், தெருவுக்குத் தெரு பழைய புத்தகக் கடை. மகள் இறங்கிவிட்டாள், அவளை இழுத்துக்கொண்டு வர ஒரு மணி நேரம் ஆனது.

சேன் பெர்ன் கிராமத்தைத் தாண்டியதும் மரங்களுக்கு மேலே கோயிலின் உச்சி தெரிகிறது. லா தூர் என்றால் கோபுரம், இந்தப் பண்ணை மாளிகைக்கு அது பழைய பெயர். 1856 இல் சபை இதை வாங்கியது. ரென் நகரிலிருந்த தலைமை மடமும், நவகன்னியர், அதாவது சபையில் புதிதாகச் சேர்ந்த பெண்கள், பயிற்சி பெறும் மடமும் கொள்ளாமல் நிரம்பிவிட்டன, ஊருக்கு வெளியே பெரிய நிலம் வேண்டியிருந்தது. சூசையப்பர் பெயரைச் சேர்த்து லா தூர் சேன் ஜோசப் என்று ஆக்கினார்கள். பழைய மாளிகையைச் சுற்றிக் கட்டடங்கள் எழுந்தன, பெரிய கோயில் எழுந்தது. இன்று பார்த்தால் ஒரு சின்ன ஊர் மாதிரி. தலைமை மடம் இன்றும் இங்கேதான்.

வாசலில் ஒரு சிஸ்டர் எங்களை வரவேற்றார். கொழும்பு என்றதும் முகம் மலர்ந்தது, கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே கூட்டிப்போனார். முதலில் பூங்கா, ஆள் இரண்டு பேர் சேர்த்துக் கட்டிப்பிடிக்க வேண்டிய மரங்கள். இந்த நடைபாதைகளில்தான், கண் மங்கிய ழான் தடியை ஊன்றிக்கொண்டு நடப்பார். நவகன்னியர் ஓடிவந்து கூட நடப்பார்கள். அந்தப் பெண் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாங்கள் யாரோடு நடக்கிறோம் என்பது தெரியாது.

அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

1842 இல், கூடச் சேர்ந்திருந்த பெண்கள், அதாவது முதல் சகோதரிகள், ழானைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1843 டிசம்பர் 8 அன்று மீண்டும் அவரையே. இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 23 அன்று, அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த உதவிப் பங்குத்தந்தை லெ பையர் அந்தத் தேர்தல் செல்லாது என்று சொல்லி, அந்தச் சகோதரிகளில் ஒருவரான 23 வயது மரி ழாமேயைத் தலைவியாக வைத்தார். ழானை மறுபடி கூடையோடு தெருவுக்கு அனுப்பினார். அவரும் போனார். ரென், தினான், தூர், ஆன்ழே என்று இல்லங்கள் அவர் காலடி பட்டுத்தான் எழுந்தன. கடன்காரர் கதவைத் தட்டும் இல்லத்துக்கு அவரைத்தான் அனுப்புவார்கள், அவர் போய்ப் பிச்சை எடுத்து அதை நிமிர்த்துவார், அங்கிருந்து அடுத்த இல்லம்.

1852 இல் அதுவும் நின்றது. ரென் ஆயர் சபைக்கு அங்கீகாரம் கொடுத்த அந்த வருடம், லெ பையர் ழானைத் தலைமை மடத்துக்குத் திருப்பி அழைத்தார். இனி வெளியே போக வேண்டாம், தானம் செய்பவர்களோடு தொடர்பும் வேண்டாம். நான்கு வருடம் கழித்து மடத்தோடு சேர்த்து இந்த மாளிகைக்கு வந்தார். அதன்பின் சாகும்வரை 23 வருடங்கள் இங்கேயே. பதவி இல்லை, பொறுப்பு இல்லை. சிலுவையின் மரியா என்று மடத்துப் பெயர். சபையின் கதையை லெ பையர் தன் விருப்பப்படி எழுதுவித்தார். அதில் தொடக்கியவர் லெ பையரே, முதல் சகோதரிகள் மரி ழாமேயும் விர்ஜினியும், ழான் மூன்றாவதாக வந்து சேர்ந்த ஒருத்தி. இளம் பெண்கள் அந்தக் கதையைப் படித்துத்தான் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். கதையின் சொந்தக்காரி அதே சாப்பாட்டறையில், அதே மேசையில் இருந்தார்.

நீங்கள் என் வேலையைத் திருடிவிட்டீர்கள், ஆனால் மனதார உங்களுக்கே தந்துவிடுகிறேன் என்று ழான் ஒருமுறை லெ பையரிடம் சொன்னதாகச் சபையில் சொல்லிவருகிறார்கள். அவர் வரலாற்றில் எனக்குத் தெரிந்த ஒரே கோபச் சொல் அதுதான். அதைச் சிஸ்டர் சொன்னபோது மகள் நின்றுவிட்டாள். "அம்மா, ஏன் அவ யாரிட்டயும் சொல்லேல்லை?" என்று கேட்டாள். சிஸ்டர் தமிழ் தெரியாமலே கேள்வியை விளங்கிக்கொண்டார் போல, தோளைத் தட்டினார். எனக்கும் பதில் தெரியவில்லை. பொறுமைக்காக இன்று அவரைப் புகழ்கிறார்கள், புகழ வேண்டியதுதான், ஆனால் அவருக்குச் செய்தது அநியாயம். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது.

லெ பையர் ஒன்றை மறந்துவிட்டார். 1845 டிசம்பரில் பிரெஞ்சு அக்கடமி நற்செயலுக்கான மோந்தியோன் பரிசை, 3000 பிராங்க், ழான் ழுகானுக்குக் கொடுத்திருந்தது. சேன் செர்வான் பெரிய மனிதர்கள் கையெழுத்திட்டு அனுப்பிய விண்ணப்பம், அக்கடமியில் பலர் முன்னிலையில் வாசித்த உரை, எல்லாம் அச்சில் இருந்தன. இந்த இல்லத்தைத் தொடங்கியது ழான் என்று அந்தக் காகிதங்கள் சொல்லின. 1890 இல் ரோம் லெ பையரை அழைத்துப் பொறுப்பிலிருந்து நீக்கியது. மரி ழாமேயும் சாகுமுன் உண்மையைச் சொல்லிவிட்டார், முதல் சகோதரி தானல்ல, ழான்தான் என்று. ழானுக்கு 1982 இல் அருளாளர் பட்டம், அது புனிதருக்கு முந்திய படி, 2009 அக்டோபர் 11 அன்று புனிதர் பட்டம். அதே நாளில், அதே பூசையில்தான் மொலொக்காய் தீவில் தொழுநோயாளரோடு வாழ்ந்து இறந்த தாமியான் சுவாமிக்கும் பட்டம் கொடுத்தார்கள்.

ழான் இருந்த அறையைப் பார்த்தோம். சொல்ல அதிகம் இல்லை, கட்டில், யன்னல், அவ்வளவுதான் என் கண்ணில் நின்றது. மாளிகை என்று வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம், எனக்கு அந்தச் சின்ன அறை நேற்றுப் பார்த்த மண் தரை வீட்டோடு சேர்ந்துவிட்டது. பிரபு வீட்டுக் குசினிக்குப் பின்கதவால் போன பெண், இன்னொரு மாளிகையின் ஓர் அறையில் கிழவியாகி, 86 வயதில், 1879 ஆகஸ்ட் 29 அன்று இறந்தார். அப்போது சபையில் ஏறத்தாழ 2400 சகோதரிகள், 177 இல்லங்கள். கோயிலின் நிலவறையில் கல்லறை. மகள் ஒரு மெழுகுதிரி ஏற்றினாள், நான் பெரியம்மா பெயரைச் சொல்லி ஒன்று.

வெளியே வரும்போது நடைக்கூடத்தில் பார்த்ததை எழுதியே ஆக வேண்டும். முதியவர் ஒருவர் கதிரையில், அவர் காலடியில் ஒரு சிஸ்டர் முழங்காலில் இருந்து சப்பாத்துக் கயிறு கட்டுகிறார். கட்டிவிட்டு, இறுக்கமா என்று கேட்டார். முதியவர் யோசித்தார், நன்றாகவே யோசித்தார். இடது கால் கொஞ்சம் இறுக்கம் என்றார். சிஸ்டர் அவிழ்த்தார், திரும்பக் கட்டினார், திரும்பவும் கேட்டார். இப்போது வலது கால் தளர்வு. அதையும் அவிழ்த்தார். நாங்கள் அந்த நடைக்கூடத்தைக் கடந்து முடிக்கும்வரை அது முடியவில்லை. பெரியம்மாவுக்குச் சேலை கட்டிவிடும் சிஸ்டர், கொசுவம் சரியில்லை என்று அவர் மூன்று தடவை அவிழ்க்கச் சொன்னாலும் அவிழ்த்துக் கட்டுவார். அதே கை. இந்தச் சபையின் இல்லங்களுக்குப் பிரெஞ்சில் மா மேசோன், அதாவது என் வீடு என்றுதான் பெயர். அந்த முதியவர் சொந்த வீட்டில் இருக்கிற மாதிரித்தான் அலுத்துக்கொண்டார்.

கிளம்புமுன் சிஸ்டரிடம் நான் பல வருடமாக மனதில் வைத்திருந்த ஒன்றைக் கேட்டேன். பெரியம்மா இல்லத்துக்குப் போன வருடம், இங்கே பாரிசில் வேலை செய்துகொண்டிருந்த என் அப்பா, கொழும்பில் ஒரு வங்கியில் பெருந்தொகை போட்டு, அதன் வட்டி மாதாமாதம் இல்லத்துக்குப் போகிற மாதிரிச் செய்ய நினைத்தார். சிஸ்டர்மார் மறுத்துவிட்டார்கள். நிலையான வருமானம் எங்களுக்கு வேண்டாம், விருப்பமிருந்தால் அரிசி வாங்கித் தாருங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். அப்பாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம், காசைத் திருப்பிவிட்டார்களே என்று. ஏன் அப்படி?

சிஸ்டர் சொன்ன பதிலுக்கு ஒரு தேதி இருந்தது. 1865 ஜூன் 19. சபைக்கு ஒருவர் வருடம் 4000 பிராங்க் வருமானம் வரும் சொத்தை எழுதிவைத்திருந்தார். வாங்குவதா விடுவதா என்று இந்த மாளிகையில் ஆலோசனை நடந்தது. ஒரு பதவியும் இல்லாத ழானை அன்று கூப்பிட்டுக் கேட்டார்கள், ஏன் கேட்டார்கள் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேண்டாம், நிலையான வருமானம் கூடாது, கடவுளையும் கொடுக்கிற மக்களையும் நம்பி இருப்போம் என்றார். அப்படியே முடிவானது. அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடவும் சொன்னார்கள், போட்டார். ஒதுக்கி வைத்த 27 வருடங்களில், ஒருமுறை அவர் வாயைத் திறந்து சொன்ன சொல் 1865 இலிருந்து கொழும்புவரை வந்து என் அப்பாவின் காசைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

நான்காம் நாள், ரென்

காரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. சனிக்கிழமை, லீஸ் சதுக்கத்துச் சந்தை நாள். பிரான்சின் பெரிய சந்தைகளில் ஒன்று. கலெத் என்ற பக்வீட் மாவுத் தோசையில் சுற்றிய சொசிசை வாங்கிக் கடித்துக்கொண்டே நடந்தோம். பூசணி, பூண்டுச் சரம், தோல் சுருங்கின ஆப்பிள், மீன். ழான் கூடையோடு வந்து நின்றிருந்தால் இந்த வியாபாரிகள் என்ன போட்டிருப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே போனேன். பெரியம்மா இருந்த காலத்தில் கொழும்பில் சிஸ்டர்மார் புறக்கோட்டைக்கு வான் கொண்டுபோவார்கள், மரக்கறிக்காரர் விற்காமல் மிஞ்சியதை மூட்டையாகவே ஏற்றிவிடுவார்கள், பெரும்பாலும் முஸ்லிம் வியாபாரிகளும் சிங்கள வியாபாரிகளும். பெரியம்மா அந்த வான் வரும் சத்தம் கேட்டதும் இன்றைக்குக் கத்தரிக்காயா பூசணியா என்று யன்னலால் எட்டிப் பார்ப்பார்.

ரயில் நிலையத்தில் இருந்து அப்பாவுக்கு எடுத்தேன். இப்போது 81 வயது, காது கொஞ்சம் மந்தம், எல்லாவற்றையும் இரண்டு தரம் சொன்னேன். 1865 என்றேன். நாலாயிரம் பிராங்க் என்றேன். கையெழுத்து என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப அது எங்கட காசெண்டு வேண்டாமெண்டதில்லை" என்றார்.

"இல்லை அப்பா."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "பத்து மூட்டை சம்பா அனுப்பினனான், வருசத்துக்கு ரெண்டு தரம், உன்ர பெரியம்மா போன பிறகும் மூண்டு வருசம் அனுப்பினனான்" என்றார். கடைக்காரர் மூட்டைக்கு எவ்வளவு போட்டார், ஒரு தடவை கல் கலந்து வந்ததற்கு எப்படிச் சண்டை பிடித்தார் என்று ரயில் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.